எந்தக் கடிகாரத்தின் எட்டு மணி?

பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் வரும் என்று கிடங்கு முதலாளி ஞானதுரை சொல்லிவிட்டார். அதற்குள் கொயினா பெட்டியை எடுத்தவன் யார் என்று நாங்கள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குமாஸ்தா அருள்பிரகாசத்தைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். 1943-ம் வருஷம், நவம்பர் மாதம், வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. ராயபுரத்தில் சூரியனைப் பார்த்து ஐந்து நாளாகிறது.

'நாங்கள்' என்பதில் பெரிய பங்கு மாசானம் அண்ணாத்தே. திருநெல்வேலிச் சீமைக்காரர். ரயில்வேயில் காணாமற்போன சரக்குகளைத் தேடும் உத்தியோகம் பார்த்து, மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். இப்போது அதே வேலையைக் கல்மண்டபத்தில் ஒரு கயிற்றுக்கடையின் மாடியில் சொந்தமாகச் செய்கிறார். சின்னப் பங்கு அடியேன், லியாகத் அலி. முப்பத்தாறு வயது, ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள். அண்ணாத்தே யோசிக்கும்போது குறுக்கே பேசுவது என் உத்தியோகம். இதுவரை அதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

அன்று காலை மாதா கோயிலில் ஒன்பது மணி அடித்தபோது ஆலிஸ் டீச்சர் மாடிப்படி ஏறி வந்தார். அருள்பிரகாசத்தின் அக்கா. கான்வென்ட் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறவர். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவரும் அவர்தான். குடையை மடக்கக்கூட மறந்து, ஈரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

யுத்த காலத்தில் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை என்பது மருந்து மட்டும் இல்லை, சர்க்காரின் கட்டுப்பாட்டுச் சரக்கு. அதைத் திருடினான் என்று கேஸ் விழுந்தால் ஜாமீன்கூடக் கிடைக்காதாம். உள்ளே போனால் வெளியே வரும்போது அவனுக்கு வேலை இருக்காது, பெண் கொடுக்க ஆள் இருக்காது, மார்ச்சளியுள்ள அந்த உடம்பு இருக்குமா என்பதே சந்தேகம். டீச்சர் இதையெல்லாம் அழாமல் சொன்னார்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை கிடங்கைத் திறந்தது முதலாளியின் மைத்துனன் வேதமாணிக்கம். ஆறரையிலிருந்து ஏழரை வரை சாவி அவனிடம். அவன் சாப்பிடப் போனபிறகு, ஏழரையிலிருந்து எட்டரை வரை அருள்பிரகாசத்திடம். எட்டரைக்கு முதலாளியே வந்து சாவியை வாங்கிக்கொண்டார், பையன் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டான். தினமும் இப்படித்தான் நடக்கும், இதில் யாருக்கும் தகராறு இல்லை. மத்தியானம் பார்த்தால் பெட்டி இல்லை.

பையனின் கழுத்தை இறுக்கியது ஒரே ஒரு காகிதம். கிடங்கின் பின்கதவுக்கு நேரெதிர் வீட்டில் இருக்கும் செல்வநாதன் எழுதிக் கொடுத்த சாட்சியம். அவர் முப்பத்து மூன்று வருஷம் ஷண்டிங் இஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மழைக்குக் கோணியை முக்காடாகப் போட்ட ஒருவன் பின்கதவைச் சாவி போட்டுத் திறந்து, மரப்பெட்டியை ஜட்காவில் ஏற்றியதைத் தன் கண்ணால் பார்த்ததாக இங்கிலீஷில் எழுதியிருந்தார். முகம் தெரியவில்லையாம். நேரம் மட்டும் தெரிந்திருந்தது. 'அட் எய்ட் ஓ கிளாக் ஷார்ப்.'

டீச்சர் அதை நகல் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அண்ணாத்தே அதை மூன்று முறை படித்தார். எனக்குப் பயம் வந்தது. அவர் மூன்று முறை படித்தால் ஏதோ ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கப் போகிறார் என்று அர்த்தம்.

"டீச்சர், இந்த ஓ கிளாக்குன்னா என்ன? கிளாக்கு தெரியும். முன்னால ஒரு ஓ எதுக்கு நிக்கி?"

"கோயில்ல பாதிரியாரு ஓன்னு ராகம் போட்டு ஆண்டவர கூப்டுவாரே, அத்த மாதிரி கெடியாரத்த கூப்டறாங்களோ இன்னாவோ," என்றேன் நான்.

டீச்சருக்கு அந்த நிலையிலும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அது 'ஆஃப் த கிளாக்' என்பதன் சுருக்கம் என்றார். கடிகாரத்தின்படி என்று பொருள். வெகு காலத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரனும் நம்மைப்போலச் சூரியனைப் பார்த்துத்தான் பொழுது சொன்னானாம். கோபுரத்துக்குக் கோபுரம் கடிகாரம் வந்த பிறகு இரண்டு கணக்கு ஆகிப்போனது. வெயில் சொல்லும் நேரம் ஒன்று, முள் சொல்லும் நேரம் ஒன்று. எதைச் சொல்கிறாய் என்று யாராவது கேட்பதற்கு முன்னால், 'கடிகாரத்தின்படி எட்டு' என்று சொல்லிவிடும் பழக்கம் வந்தது. அது தேய்ந்து தேய்ந்து ஒரு ஓவும் ஒரு கிளாக்கும் மிச்சம்.

முழு மணிக்கு மட்டும்தான் அதைச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். துறைமுகத்தில் எல்லாரும் ஏழரை ஓ கிளாக், எட்டேமுக்கால் ஓ கிளாக் என்கிறார்களே, அதெல்லாம் தப்பாம். எனக்குச் சுருக்கென்றது. காலையில்தான் என் மனைவியிடம் ஒன்றரை ஓ கிளாக்குக்குச் சோறு என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அண்ணாத்தே காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப இந்த மனுசன் எட்டு மணின்னு சத்தியம் பண்ணல. கெடியாரத்துல எட்டுன்னுதான் சொல்லுதாரு. எந்தக் கெடியாரம்?"

அவர் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. நான் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். செல்வநாதன் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றித் தெருவில் தெரியாதவர் கிடையாது. போன வருஷம் செப்டம்பரில் யுத்தத்துக்காகச் சர்க்கார் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொன்னது அல்லவா? ஊரே தள்ளியது. கிழவர் மட்டும் தள்ளவில்லை. ஊருக்குப் புது டைம், அவர் வீட்டுக்குப் பழைய டைம்.

அப்படியானால் அவர் கடிகாரத்தில் எட்டு என்றால் ஊரில் ஒன்பது. ஒன்பதுக்குப் பையன் துறைமுகத்தில் நாலு பேருக்கு முன்னால் நின்றிருந்தான். கேஸே இல்லை. நான் இதைச் சொன்னதும் டீச்சர் எழுந்தே விட்டார். அண்ணாத்தேயும் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், அதனால் நன்றாக அனுபவித்தேன்.

செல்வநாதன் முன்கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் கிடங்கின் பின்கதவை இஞ்சினைக் கவனிப்பதுபோலக் கவனித்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருஷ இஞ்சின் சத்தம் காதைச் சுத்தமாக வாங்கிவிட்டது. கோயில் மணி பக்கத்திலேயே அடித்தாலும் கேட்காது. கண் மட்டும் கழுகுக் கண். அவரோடு பேசுவதென்றால் தெருவுக்கே சொல்வதாகத்தான் அர்த்தம்.

நான் கையைக் குவித்து விஷயத்தைக் கத்தினேன். பழைய டைமா, புது டைமா?

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கவர்மெண்டு காயிதம் போட்டா சூரியன் ஒரு மணி முந்தி வந்துருமா? என் வூட்ல ஆண்டவரோட டைம்தான். ஆனா நான் ரயில்வேக்காரன்பா. வூட்டு டைம ஊருக்குக் குடுப்பனா? கெடியாரத்துல ஏழு. ஒண்ணு கூட்னேன். எட்டுன்னு எழுதினேன்."

கையால் கூடத்துக்குள் இருந்த சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். நாற்காலியில் இருந்தபடியே முள் தெரிந்தது. என் மரியாதை அந்த இடத்திலேயே இறங்கிப்போனது. பையனைத் தூக்கிவிட வந்து, நானே ஆணியை இன்னும் ஒரு அடி அடித்துவிட்டேன்.

கிழவர் அதோடு விடவில்லை. தன் ஒழுங்கையும் உலகத்தின் ஒழுங்கீனத்தையும் பற்றிப் பேசத் தொடங்கினார். நேற்றுக் காலையில் தபால்தலை வாங்கப் பத்து மணிக்குப் போனாராம். கதவு பூட்டியிருந்ததாம். பதினொன்றுக்குச் சாவகாசமாக வந்து திறந்தார்களாம். யுத்தம் என்று சொல்லி எல்லாரும் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று போஸ்ட் மாஸ்டரை முகத்துக்கு நேரே திட்டிவிட்டு வந்தாராம்.

அண்ணாத்தே பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கண் அதற்குள் கடிகாரத்தின் மேல் போனது. பத்து மணி. இந்த வீட்டில் பத்து என்றால் ஊரில் பதினொன்று. போலீஸ் வர ஒரே ஒரு மணி நேரம். அண்ணாத்தேயின் கைக்கடிகாரம் போன மாசமே மூர்மார்க்கெட்டில் ரிப்பேருக்குப் போய்விட்டது. எனக்குக் கைக்கடிகாரம் என்றைக்குமே இருந்ததில்லை. கிழவர் போட்ட சத்தத்தில் கோயில் மணி எத்தனை அடித்தது என்பதும் கேட்கவில்லை.

"அண்ணாத்தே, மணி பதினொண்ணு ஆயிகினு கீது, கெளம்பு," என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன். முதலாளியின் காலில் விழுந்தாவது இன்னும் ஒரு நாள் தவணை கேட்பது என்பது என் யோசனை. கிடங்கைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போக ஐந்தே நிமிஷம். அதற்குள் நான் ஒரு முறை சேற்றில் வழுக்கி விழுந்தேன். அண்ணாத்தே என்னைத் தூக்கிவிட்டுவிட்டு, வேட்டியை நன்றாகத் தூக்கிக் கட்டிக்கொண்டார்.

ஞானதுரை தன் அறையில் உட்கார்ந்து சாமான் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரர். ஓரத்தில் ஒரு கருப்பட்டி மூட்டை மேல் அருள்பிரகாசம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம். பக்கத்தில் வேதமாணிக்கம் சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு, பையனுக்குக் காவல் நின்றான். அந்தக் காவலை அவனே கேட்டு வாங்கிக்கொண்டானாம்.

நான் சுவரைப் பார்த்தேன். முதலாளியின் கடிகாரத்தில் பத்து மணி தாண்டி ஐந்து நிமிஷம்.

"மொதலாளி, உங்க கெடியாரம் நின்னு பூட்ச்சி," என்றேன்.

அவர் முறைத்தார். காலையில்தான் ரேடியோவோடு ஒத்துப் பார்த்துச் சரிசெய்தது என்றார். கடிகாரமும் எனக்கு எதிராக டக் டக் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நான் விடாமல் வாதாடினேன். இப்போது பதினொன்று தாண்டிவிட்டது, இல்லையென்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். நல்லவேளை, யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அண்ணாத்தே என் தோளில் கையை வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. வழக்கமாக அந்தச் சிரிப்பு வந்தால் நான் ஏதோ முட்டாள்தனம் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். இந்தத் தடவை அது உபயோகமான முட்டாள்தனம்.

"ஏ லியாகத்து, அஞ்சு நிமிசத்துல ஒரு மணி நேரம் மிச்சம் பிடிச்சிருக்கியே. அத எங்கருந்து எடுத்துட்டு வந்த?"

"கெடியாரத்துல பத்து. ஒண்ணு கூட்னேன், பதினொண்ணு. அம்மாந்தான் அண்ணாத்தே."

"அதத்தான்வே கெழவரும் செஞ்சாரு."

எனக்கு மழையிலும் வியர்த்தது. கிழவர் வீட்டுக் கடிகாரம் பழைய டைமில் இல்லை. சரியாக ஊர் டைமில் ஓடுகிறது. யாரோ முள்ளை முன்னால் தள்ளிவிட்டார்கள், அது அவருக்குத் தெரியாது. ஏற்கனவே கூட்டிவைத்த கடிகாரத்தைப் பார்த்து அவர் மறுபடி ஒன்று கூட்டுகிறார். நேற்று போஸ்ட் ஆபீஸ் நேரத்துக்குத்தான் திறந்தது. இவர்தான் ஒன்பது மணிக்குப் போய் நின்று, பத்து என்று சண்டை போட்டிருக்கிறார். காது கேட்காது, கோயில் மணி காட்டிக்கொடுக்காது. வானம் மூடிக் கிடக்கிறது, சூரியனும் காட்டிக்கொடுக்காது. அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு கடிகாரம்தான்.

அவர் கடிகாரத்தில் ஏழு பார்த்தார் என்றால், ஊரிலும் ஏழுதான். ஏழு மணிக்குச் சாவி யாரிடம் இருந்தது என்பதை நினைத்து நான் திரும்பி அறைக்குள் ஓடப்போனேன். அண்ணாத்தே சட்டையைப் பிடித்து நிறுத்தினார். முள்ளைத் தள்ளியது என்றைக்கு என்று தெரிய வேண்டும். நேற்றுக் காலையில் தள்ளியிருந்தால் செவ்வாய்க்கிழமைச் சாட்சியம் அப்படியே நிற்கும், பையனும் உள்ளே போவான்.

நாங்கள் செல்வநாதன் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனோம். அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் அம்மாள் அடுப்படியில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பற்றி அண்ணாத்தே கேட்டதும், தனக்கு மணி பார்க்கவே தெரியாது என்று சாதித்தார். மீனைக் கழுவிய தண்ணீரிலேயே மறுபடி மறுபடி கழுவினார்.

இப்படியே ஒரு மணி நேரம் போன பிறகு அண்ணாத்தே அருள்பிரகாசத்தைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. புருஷன் ஏதோ எழுதிக் கொடுத்தார் என்று மட்டும்தான் தெரியும். அதில் நேரம் இருக்கிறது, அந்த நேரத்தால் ஒரு பையன் ஜெயிலுக்குப் போகப் போகிறான் என்பது இப்போதுதான் தெரிகிறது. கை நின்றுபோனது.

"நான்தான்பா தள்னேன்," என்றார். "ஞாயித்துக்கெழம மத்தியானம். அவரு தூங்கிகினு இருந்தாரு. என்னா பண்றது, பதினாலு மாசமா அந்தக் கெடியாரத்தோட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அன்றைக்குக் காலையில் கூட்ட வேண்டியதைக் கிழவர் கழித்துவிட்டாராம். இரண்டு பேரும் பூசைக்குக் கிளம்பிப் போனபோது, கோயிலில் இருந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்களாம். ராயபுரமே பார்த்துச் சிரித்ததாம். மண்ணெண்ணெய் ரேஷனுக்கும் இதே கதை, எப்போதும் கடைசி ஆள். ஒரு நாள் பொறுத்திருந்து அவரிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தாராம். திங்கட்கிழமை சொல்ல தைரியம் வரவில்லை. செவ்வாயும் புதனும் அப்படியே போயின. இஞ்சினை ஒரு நிமிஷம்கூடத் தாமதமாக எடுக்காத மனிதர், தான் மூன்று நாளாகத் தப்பு நேரத்தில் வாழ்ந்தார் என்று தெரிந்தால் உடைந்துபோவார் என்று அந்த அம்மாள் பயந்தார். அது கோபத்துக்குப் பயந்த பயம் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

அண்ணாத்தே வற்புறுத்தவில்லை. மணி ஆகிறது என்று மட்டும் சொன்னார். ஃப்ளோரன்ஸ் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, முன்கூடத்துக்குப் போய்ப் புருஷனின் குடையை எடுத்தார்.

நாங்கள் கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது போலீஸ் ஜவான் ஒருவர் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார். உள்ளே ஆலிஸ் டீச்சர் தம்பியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எதற்கு அழைத்து வந்தார்கள் என்று தெரியாமல் செல்வநாதன் எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினார்.

காது கேளாதவரிடம் ரகசியமாகச் சொல்ல வழியில்லை. அந்த அம்மாள் அத்தனை பேருக்கும் முன்னால், முழுத் தொண்டையில், தான் செய்த காரியத்தைச் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் அவர் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னார்.

கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப நேத்து போஸ்ட் ஆபீஸ்ல?" என்றார்.

"அவங்க சரியாத்தான் தொறந்தாங்க."

வேதமாணிக்கம் குறுக்கே புகுந்தான். கிழவருக்கு வயதாகிவிட்டது, அந்த அம்மாள் பையனுக்காகப் பொய் சொல்கிறாள், எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான் என்றான். கிழவருக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. ஆனால் அவன் முகத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜை மேலிருந்த தன் சாட்சியத்தை இழுத்து, பேனாவைக் கேட்டு வாங்கினார். எட்டை அடித்தார். ஏழு என்று எழுதினார். 'ஓ கிளாக்' என்பதை விட்டுவைத்தார்.

திருத்தியதற்குக் கீழே கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். ரயில்வேப் பழக்கம், நேரம் இல்லாமல் அவர் கையெழுத்துப் போடமாட்டார். பேனா காகிதத்தின் மேல் நின்றது. சுவரில் கடிகாரம் இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஃப்ளோரன்ஸ், இப்ப மணி இன்னா?"

"பதினொண்ணே முக்கா," என்று அந்த அம்மாள் கத்தினார்.

கூட்டப் போகிறாரோ, கழிக்கப் போகிறாரோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டார்.

ஞானதுரை காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். படித்து முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை. மனைவியின் கூடப்பிறந்த தம்பியை ஜவானுக்கு முன்னால் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். கையை மட்டும் அவன் பக்கம் நீட்டினார்.

"அத்தான்," என்றான் வேதமாணிக்கம். விரலில் இருந்த சாவிக்கொத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தான். பெட்டி கொருக்குப்பேட்டையில் ஒரு சிநேகிதன் வீட்டில் பிரிக்காமல் இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

செல்வநாதன் மெதுவாக நடந்துபோய் அருள்பிரகாசத்தின் முன்னால் நின்றார். அவருக்குத் தெரிந்த ஒரே குரலில், அந்தத் தெருவுக்கே கேட்கும்படி, "மன்னிச்சிக்கோ கண்ணு," என்றார். பையன் எழுந்து நிற்கப் பார்த்தான். இரண்டு நாள் பட்டினி, கால் நிற்கவில்லை. கிழவர் அவனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார், டீச்சர் அப்போதுதான் அழுதார்.